மூணு மிஷின்ல எது அதிகமா ஆடுது? எஃப், பார்ட்லெட், லெவீன், இதுல எதைப் போடறது?

முதல்ல கேள்வியை சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா பாதி பதில் கேள்விக்குள்ளயே இருக்கு. ஸ்பின்னிங் மில்லு க்யூசி லேப்ல வேலை பாக்கற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். 40ஸ் கவுண்ட் (நூலோட தடிமனை சொல்ற நம்பர்) ஓடற மூணு ரிங் பிரேம் (நூல் நூற்கற மிஷின்), ஒவ்வொண்ணுலயும் 20 லீ சுத்தி எடை போட்டு கவுண்ட் பாத்திருக்கார். சராசரி மூணுலயும் 40ஐ ஒட்டித்தான் வருது, அனோவா (பல குரூப்போட சராசரியை ஒப்பிடற டெஸ்ட்) போட்டா பி வேல்யூ (நிஜத்துல வித்தியாசம் இல்லாதப்ப இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வர்ற வாய்ப்பு) 0.6. ஆனா மூணாவது மிஷின்ல நம்பர் 38க்கும் 42க்கும் நடுவுல ஆடறது கண்ணுக்கே தெரியுது. "வித்தியாசம் இல்லன்னு ரிப்போர்ட் எழுதிடலாமா சார், இல்ல வேற டெஸ்ட் போடணுமா, எஃப், பார்ட்லெட், லெவீன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க"ன்னு கேக்கறார்.

எழுதிடாதீங்க தம்பி. அனோவா பாக்கறது சராசரியை மட்டும்தான், ஆட்டத்தை (நம்பருங்க எவ்வளவு சிதறுதுங்கறதை) அது கேக்கவே இல்ல. நீங்க கேக்காத கேள்விக்கு அது "வித்தியாசம் இல்ல"ன்னு பதில் சொன்னா அதுல என்ன இருக்கு.

மில்லு பக்கம் வராதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. லீன்னா 120 கெஜம் நூல். 40ஸ் நூல்ல ஒரு லீ 1.62 கிராம் இருக்கணும். 38ஸ்னா 1.71 கிராம், 42ஸ்னா 1.54 கிராம், அதாவது நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. அந்த 0.16 கிராம் வித்தியாசம் தராசுல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா அந்த ரெண்டு நூலும் பக்கத்து பக்கத்துல நிட்டிங் மிஷின்ல ஏறுச்சுன்னா துணியில பட்டை பட்டையா விழும், சாயம் போட்டதும் இன்னும் நல்லா தெரியும். சராசரி 40ன்னு சொல்லி கஸ்டமரை சமாதானப்படுத்த முடியாது. அதனால இந்த தொழில்ல சராசரியை விட ஆட்டம்தான் பெரிய விஷயம்.

இப்ப டெஸ்ட்டுக்கு வருவோம். எந்த டெஸ்ட்டுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். ஆட்டத்தை கம்பேர் பண்றவங்க ரெண்டு வகை. ஒரு வகை உங்களை மாதிரி, ஆட்டமே கேள்வி, எந்த மிஷின் மோசம்னு தெரியணும். இன்னொரு வகைக்கு சராசரிதான் கேள்வி, ஆனா டி டெஸ்ட் (ரெண்டு சராசரியை ஒப்பிடறது) போடறதுக்கு முன்னாடி "வேரியன்ஸ் சமமா இருக்கணும்"னு புக்குல போட்டிருக்கே (வேரியன்ஸ்னா ஆட்டத்தோட ஒரு அளவு, எஸ்டிங்கற ஸ்டாண்டர்ட் டீவியேஷனோட வர்க்கம்), அதுக்காக வாசல்ல செக்யூரிட்டி மாதிரி ஒரு லெவீன் டெஸ்ட்டை நிக்க வைக்கறாங்க. ரெண்டும் வேற வேற சமாச்சாரம், ஆனா நெட்ல கிடைக்கற பதில்ல முக்காவாசி ரெண்டையும் ஒண்ணா கலக்கி வச்சிருக்கும், அதான் ஆளுக்கொண்ணு சொல்ற மாதிரி தெரியுது.

ரெண்டாவது வகையை சீக்கிரம் முடிச்சிடறேன். சராசரிதான் கேள்வின்னா வேரியன்ஸ் டெஸ்ட் போடவே போடாதீங்க, நேரா வெல்ச் டெஸ்ட்டுக்கு (வேரியன்ஸ் சமம்னு நம்பாத டி டெஸ்ட்) போயிடுங்க. வேரியன்ஸ் சமமா இருந்தாலும் அதுல நஷ்டம் ரொம்ப கம்மி, சமமா இல்லன்னா காப்பாத்தும். ஆர்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல டி டெஸ்ட் போட்டா சொல்லாமலே வெல்ச்தான் வரும். மூணு நாலு குரூப்புக்கும் வெல்ச் 1951லயே வழி சொல்லிட்டுப் போயிட்டார். சாதாரண டி டெஸ்ட் எங்க கவுக்கும்னா, சின்ன குரூப்புல ஆட்டம் பெருசா இருக்கறப்ப. ஒரு பக்கம் 40 பேர், இன்னொரு பக்கம் 10 பேர், அந்த 10 பேர்ல எஸ்டி ரெண்டு மடங்குன்னு வச்சுக்கோங்க, 5 சதவீதம்னு நாம நினைக்கற தப்பு (இல்லாத வித்தியாசத்தை இருக்குன்னு சொல்றது) உண்மைல 15 சதவீதத்தை தாண்டிடும். இந்த இடத்துல லெவீன் காப்பாத்தும்னு நம்ப முடியாது, 10 பேரை வச்சு அது பாதி நேரம் ஒண்ணும் சொல்லாம கம்முனு இருக்கும். ஜார்ஜ் பாக்ஸ்ங்கற புள்ளியியல்காரர் 1953லயே இதை கிண்டல் பண்ணிட்டார், பெரிய கப்பல் துறைமுகத்தை விட்டு கிளம்பற அளவுக்கு கடல் அமைதியா இருக்கான்னு பாத்துட்டு வர சின்ன துடுப்புப் படகை அனுப்பற கதைதான் இதுன்னு. அப்ப படகுக்கு வைக்கற டெஸ்ட் பார்ட்லெட், அது டி டெஸ்ட்டை விட பல மடங்கு தொட்டாச்சிணுங்கி. எழுபது வருஷம் ஆச்சு, இன்னும் தீசிஸ்ல படகு போயிட்டுதான் இருக்கு.

இனி உங்க கேள்வி. ஆட்டமே கேள்வி.

ரெண்டே குரூப்புன்னா எல்லாரும் முதல்ல போறது எஃப் டெஸ்ட்டுக்கு, பெரிய வேரியன்ஸை சின்ன வேரியன்ஸால வகுத்து டேபிள் பாக்கறது. (ஃபிஷர் நினைவா ஸ்னெடக்கர் வச்ச எழுத்து அந்த எஃப்.) மூணு நாலு குரூப்புன்னா அதோட அண்ணன் பார்ட்லெட், 1937. டேட்டா நிஜமாவே நார்மலா (மணி வடிவத்துல பரவி) இருந்தா இவங்களை விட கூர்மையான டெஸ்ட் கிடையாது. பிரச்சனையே அந்த "நிஜமாவே"லதான். டி டெஸ்ட்டுக்கும் நார்மல் வேணும்னுதான் புக்குல இருக்கு, ஆனா அங்க சாம்பிள் கூட கூட அது தானா சரியாயிடும். வேரியன்ஸ் டெஸ்ட்ல சரியாகவே ஆகாது. இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல, அதனால கொஞ்சம் உக்காந்து பாப்போம்.

ஒரு சாம்பிளோட வேரியன்ஸ் எவ்வளவு நம்பகமானதுங்கறது அந்த டேட்டாவோட வால் (நடுவுல இருந்து ரொம்ப தள்ளி விழற நம்பருங்க) எவ்வளவு தடிமன்ங்கறதை பொறுத்தது, அதுக்கு பேர் கர்ட்டோசிஸ். நார்மலை விட எவ்வளவு கூடுதல்னு அளந்தா, நார்மலுக்கு அது 0. எஃப் டெஸ்ட்டும் பார்ட்லெட்டும் அது 0ன்னு கண்ணை மூடிட்டு நம்பிடுது. உண்மைல அது 3ன்னு வைங்க (ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீளமான வால் இருக்கற லப்லாஸ் மாதிரி டேட்டா), அப்ப வேரியன்ஸோட தடுமாட்டம் இந்த டெஸ்ட்டுங்க நினைக்கறதை விட இரண்டரை மடங்கு. ரெண்டு மிஷினும் அச்சு அசல் ஒரே மாதிரி இருந்தா கூட எஃப் டெஸ்ட் நூத்துக்கு 21, 22 தடவை "வேற வேற"ன்னு கத்தும். 5 தடவைதான் கத்தணும். மூணு மிஷின்னா பார்ட்லெட் 30 தடவை கத்தும், அதாவது குரூப் கூட கூட இன்னும் மோசம். ஒரு பக்கம் மட்டும் இழுத்துட்டு போற எக்ஸ்பொனென்ஷியல் டேட்டாவுக்கு (நூல் ஒரு தடவை அறுந்து அடுத்த தடவை அறுபடற வரைக்கும் ஆகற நேரம் மாதிரி) கர்ட்டோசிஸ் 6, அங்க ரெண்டு குரூப்புல 33, மூணு குரூப்புல 47. கிட்டத்தட்ட காசு சுண்டி விடற மாதிரி. இதெல்லாம் சின்ன சாம்பிள்ல வர்ற கோளாறுன்னு நினைக்காதீங்க, நான் சொல்றது பெரிய சாம்பிள் கணக்கு, ஆயிரம் லீ எடுத்தாலும் இதேதான். எதிர்ப்பக்கமும் உண்டு, வாலே இல்லாம டப்பா மாதிரி யூனிஃபார்மா இருக்கற டேட்டால எஃப் டெஸ்ட் ஆயிரத்துக்கு 2 தடவைதான் வாயைத் திறக்கும், அதாவது உண்மையான வித்தியாசம் இருந்தாலும் தூங்கிட்டு இருக்கும்.

அப்ப முதல்ல நார்மலான்னு ஒரு டெஸ்ட் போட்டுட்டு அப்புறம் பார்ட்லெட்டா லெவீனான்னு முடிவு பண்ணலாமேன்னு கேப்பீங்க. மறுபடி அதே படகுதான். 20 லீயை வச்சு வால் தடிமனை கண்டுபிடிக்கறது ஆகாத காரியம்.

இதுக்கு ஹோவர்ட் லெவீன் 1960ல சொன்ன வழி ரொம்ப எளிமையானது, எனக்கு ரொம்ப பிடிச்சதும் கூட. வேரியன்ஸை நேரா தொடாதே, ஒவ்வொரு நம்பரும் தன் குரூப்போட நடுவுல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு எழுது, பிளஸ் மைனஸ் பாக்காம. இப்ப அந்த தூரங்களோட சராசரியை அனோவால கம்பேர் பண்ணு. ஆட்டத்தை பத்தின கேள்வியை சராசரியை பத்தின கேள்வியா மாத்திட்டார், அனோவாவுக்கு முரட்டு டேட்டாவையும் ஓரளவு தாங்கற குணம் இருக்கறதால அந்த குணம் இதுக்கும் வந்துடுது. லெவீன் நடுன்னு எடுத்தது சராசரி. ஒரு பக்கம் சாய்ஞ்ச டேட்டால அது இன்னும் தடுமாறுதுன்னு 1974ல பிரவுனும் ஃபார்சைத்தும் சராசரிக்கு பதிலா மீடியன் (வரிசைப்படுத்தினா நடுவுல நிக்கற நம்பர்) வச்சாங்க. இன்னிக்கு யாராவது "லெவீன் போடு"ன்னா நீங்க போட வேண்டியது இந்த மீடியன் வச்ச லெவீனைத்தான்.

கையால ஒரு தடவை போட்டு பாத்துடுவோம், அப்பதான் மனசுல நிக்கும். ஒரு மிஷின்ல அஞ்சு லீ: 39.6, 40.1, 40.0, 39.8, 40.5. இன்னொண்ணுல 38.2, 41.3, 40.1, 39.0, 41.9. சராசரி 40.0, 40.1. டி டெஸ்ட் போட்டா பி 0.9 பக்கம் வரும், ஒண்ணுமே இல்ல. இப்ப முதல் மிஷின் மீடியன் 40.0, தூரங்கள் 0.4, 0.1, 0, 0.2, 0.5, சராசரி தூரம் 0.24. ரெண்டாவது மீடியன் 40.1, தூரங்கள் 1.9, 1.2, 0, 1.1, 1.8, சராசரி தூரம் 1.2. அஞ்சு மடங்கு. இந்த ரெண்டு தூர லிஸ்ட்டுக்கும் நடுவுல சாதாரண டி டெஸ்ட் போட்டா டி 2.73, பி சுமார் 0.026. அவ்வளவுதான் லெவீன், இதுக்கு மேல அதுல மந்திரம் ஒண்ணும் இல்ல. இதே டேட்டாவுக்கு எஃப் டெஸ்ட் போட்டா வேரியன்ஸ் 0.115, 2.375, விகிதம் 20.65, பி 0.012. எஃப் கொஞ்சம் கூர்மைன்னு தெரியுது பாருங்க, நார்மல்ங்கற நம்பிக்கையில கடன் வாங்கின கூர்மை அது. இன்னொண்ணையும் கவனிச்சீங்களா, ரெண்டு லிஸ்ட்லயும் ஒரு பூஜ்யம் இருக்கு. ஒற்றைப்படை எண்ணிக்கைன்னா மீடியன் அந்த டேட்டால ஒரு நம்பராவே இருக்கும், அதோட தூரம் எப்பவும் 0. அஞ்சு, ஏழு மாதிரி குட்டி சாம்பிள்ல இது டெஸ்ட்டை ரொம்ப மந்தமாக்கும். 20க்கு மேல போனா கவலை இல்ல.

மீடியனே ஏன்னு நான் சும்மா என் விருப்பத்துக்கு சொல்லல. 1981ல கோனோவர், ஜான்சன், ஜான்சன்னு மூணு பேர் 56 டெஸ்ட்டை வரிசையா நிக்க வச்சு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தாங்க. அவங்க கைல இருந்த டேட்டா கடலுக்கடியில எண்ணெய் எடுக்கற குத்தகைக்கு அமெரிக்காவுல கம்பெனிங்க கேட்ட ஏலத்தொகை, நார்மலுக்கு ரொம்ப தூரம். 56ல தேறினது ரொம்ப கொஞ்சம், அதுல ஒண்ணு மீடியன் வச்ச லெவீன், இன்னொண்ணு ஃப்ளிக்னர் கில்லீன். இந்த ரெண்டாவது ஆள் தூரத்தை அப்படியே எடுக்காம தூரங்களுக்கு ரேங்க் போட்டு அந்த ரேங்கை வச்சு கணக்கு பண்றவர், அதனால ஒத்தை நம்பர் எவ்வளவு தூரம் ஓடினாலும் "கடைசி ரேங்க்"னு மட்டும்தான் சொல்வார். அவுட்லையர் நிறைய வர்ற டேட்டான்னா அவரைப் போடலாம், ஆர்ல ரெடியா இருக்கு.

சாஃப்ட்வேர்ல ஒரு பொறி உண்டு, பாத்துக்கோங்க. லெவீன்னு ஒரே பேர்ல ஆளுக்கொரு மாதிரி போடும். ஆர்ல கார் பேக்கேஜும் பைத்தான்ல சைபையும் எதுவும் சொல்லலன்னா மீடியனை எடுத்துக்கும். எஸ்பிஎஸ்எஸ்ல டி டெஸ்ட் போட்டா அந்த டேபிள்ல முன்னாடி வர்ற லெவீன் சராசரி வச்சது, மீடியன் வேணும்னா எக்ஸ்ப்ளோர்ல போய் எடுக்கணும். எக்செல்ல டேட்டா அனாலிசிஸ் மெனுவுல வர்ற எஃப் டெஸ்ட் ஒரு பக்க பி வேல்யூ மட்டும்தான் குடுக்கும், நீங்க "எது பெருசு"ன்னு முன்கூட்டி தெரியாம கேக்கறதால அதை ரெண்டால பெருக்கணும். ஆனா அதே எக்செல்ல ஃபார்முலாவா எஃப் டெஸ்ட் அடிச்சா ரெண்டு பக்கமும் சேர்த்தே குடுக்கும், அதை திரும்ப பெருக்கக்கூடாது. ஒரே கம்பெனி ஒரே சாஃப்ட்வேர், ரெண்டு பதில். இதுல மாட்டாத ஆளே எங்க லேப்ல கிடையாது.

ஆனா இதையெல்லாம் போடறதுக்கு முன்னாடி புள்ளி வச்சு ஒரு படம் போடுங்க. இதை நான் பட்டுதான் கத்துக்கிட்டேன். வேலைக்கு சேந்த புதுசு, ஒரு மில்லு பேர் வேணாம், எனக்கு பார்ட்லெட் புதுசா தெரியும், அதனால எதுக்கெடுத்தாலும் பார்ட்லெட். ஒரு ரிங் பிரேம்ல பி வேல்யூ 0.001க்கும் கீழ வந்ததும் நேரா மெயின்டனன்ஸ் ஃபோர்மேன்கிட்ட போய் "அண்ணே, அந்த மிஷின் வேரியேஷன் பிச்சுக்கிட்டு போகுது"ன்னு சொன்னேன். பாவம் மனுஷன் ஷிப்ட் முடியற நேரத்துல டாப் ரோலர் பிரஷர், ஏப்ரன், எல்லாம் கழட்டி பாத்தார். ஒண்ணும் இல்ல. கடைசியில பாத்தா யாரோ 34ஸ் பாபின் (நூல் சுத்தின கட்டை) ஒண்ணை அந்த கூடையில போட்டுட்டாங்க, 20 லீல ஒரே ஒரு லீ 34. அந்த ஒண்ணுதான் எல்லாத்தையும் பண்ணிருக்கு. ஃபோர்மேன் ரெண்டு மாசம் என்னை "வேரியேஷன் சார்"னுதான் கூப்பிட்டார்.

அந்த கணக்கை திருப்பி பாருங்க, நல்லா புரியும். மத்த 19 லீயும் எஸ்டி 0.5ல ஒழுங்கா இருக்குன்னு வைங்க. ஒரு 34 உள்ள வந்ததும் எஸ்டி 1.4க்கு மேல எகிறிடும், வேரியன்ஸ் எட்டு மடங்கு, எஃப் டெஸ்ட்டும் பார்ட்லெட்டும் கூரை மேல ஏறி கத்தும். மீடியன் லெவீன்ல என்ன ஆகும்? சராசரி தூரம் 0.4ல இருந்து 0.68 ஆகும், கூடவே அந்த தூர லிஸ்ட்டோட சொந்த ஆட்டமும் எகிறிடும், டி 1 கிட்டத்தான் வரும், பி 0.3க்கு மேல. "மிஷின் ஆடலப்பா, ஒரு நம்பர்தான் ஆடுது"ன்னு சொல்ற மாதிரி. அதுக்காக அந்த 34ஐ சத்தமில்லாம தூக்கி போட்டுட்டு அடுத்த வேலையை பாக்கக்கூடாது, பாபின் கலந்தது மிஷின் கோளாறை விட பெரிய கோளாறு, அதை தனியா ரிப்போர்ட் பண்ணணும். டெஸ்ட் எதுவும் இதை உங்களுக்கு சொல்லாது, புள்ளி வச்ச படம் ஒரு நொடில சொல்லும்.

அடுத்தது, உங்க கேள்வில நீங்க சொல்லாம விட்ட ஒரு விஷயம். அந்த 20 லீயை எப்படி எடுத்தீங்க? 20 பாபின்ல இருந்து ஆளுக்கு ஒரு லீயா, இல்ல 4 பாபின்ல இருந்து அஞ்சஞ்சு லீயா? எனக்குத் தெரிஞ்சு லேப்ல டைம் இல்லன்னா ரெண்டாவதுதான் நடக்கும். அப்படி எடுத்திருந்தா மேல சொன்ன ஒரு டெஸ்ட்டும் செல்லாது, எல்லா டெஸ்ட்டும் 20 நம்பரும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாததுன்னு நம்புது, ஒரே பாபின்ல சுத்தின அஞ்சு லீ அண்ணன் தம்பிங்க. உங்க கைல இருக்கறது 20 சாட்சி இல்ல, 4 சாட்சி ஆளுக்கு அஞ்சு தடவை பேசினது. அதுவும் இல்லாம உள்ள ரெண்டு விதமான ஆட்டம் கலந்திருக்கு. பாபினுக்கு பாபின் வர்ற ஆட்டம் ஒண்ணு, அதுக்கு காரணம் ஏதாவது ஸ்பிண்டில்ல (பாபின் சுத்தற தண்டு) ஏப்ரன் தேய்ஞ்சிருக்கலாம், டாப் ரோலர் அமுக்கம் கம்மியா இருக்கலாம், முந்தின மிஷினான சிம்ப்ளக்ஸ்ல இருந்து வந்த ரோவிங்கே (நூலாகறதுக்கு முந்தின தடிமனான இழை) கனம் கூட குறைய இருக்கலாம். ஒரே பாபினுக்குள்ள வர்ற ஆட்டம் இன்னொண்ணு, அதுக்கு இன்னும் முந்தின மிஷினான டிரா பிரேம் பக்கம் போய் ஸ்லைவரை (பஞ்சுத் திரி) பாக்கணும். ரெண்டையும் ஒரே எஸ்டியில போட்டு குழப்பினா எந்த டிபார்ட்மென்ட் கதவை தட்டறதுன்னே தெரியாது. பாபினுக்கு பாபின் ஆட்டம்தான் கேள்வின்னா 20 பாபின், பாபினுக்கு ஒரு லீ. ரெண்டும் வேணும்னா 20 பாபின், பாபினுக்கு ரெண்டு லீ, அப்புறம் ரெண்டு ஆட்டத்தையும் பிரிச்சு கணக்கு போடலாம். டெஸ்ட் தேர்வு பண்றதுல போற நேரத்துல பாதியை இதுக்கு செலவு பண்ணினா போதும்னு நான் பசங்ககிட்ட சொல்லிட்டே இருப்பேன், யாரும் கேக்கறதில்ல, ஏன்னா பாபின் பொறுக்க ஷெட்டுக்குள்ள நடக்கணும், டெஸ்ட் மாத்தறதுக்கு மவுஸ் போதும்.

இன்னொரு நிலைமை, உங்களுக்கு சீக்கிரமே வரும். மூணாவது மிஷின்ல ஏப்ரன் எல்லாம் மாத்திட்டு, ஆட்டம் குறைஞ்சுதான்னு பாக்க அதே 20 ஸ்பிண்டில்ல திரும்ப எடுப்பீங்க. இப்ப முன்னாடி எடுத்ததும் பின்னாடி எடுத்ததும் ஜோடி ஜோடி, லெவீன் இதுக்கு ஆகாது. இதுக்கு 1939ல பிட்மனும் மார்கனும் தனித்தனியா சொன்ன ஒரு அழகான தந்திரம் இருக்கு. ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் முன் பின் ரெண்டு நம்பரையும் கூட்டி ஒரு நெடுவரிசை, கழிச்சு ஒரு நெடுவரிசை. இந்த ரெண்டு நெடுவரிசைக்கும் நடுவுல கோரிலேஷன் (ஒண்ணோட இன்னொண்ணு சேந்து ஏறி இறங்கற அளவு) எவ்வளவுன்னு டெஸ்ட் பண்ணுங்க. ரெண்டு தடவையும் ஆட்டம் சமமா இருந்தா அந்த கோரிலேஷன் பூஜ்யம், ஏன்னா கூட்டலும் கழித்தலும் சேந்து ஆடற அளவு கணக்குப்படி ரெண்டு வேரியன்ஸோட வித்தியாசம்தான், பேப்பர்ல ரெண்டு வரி எழுதினா வந்துடும். எக்செல்லே போதும். வால் தடிமனா இருக்கற டேட்டால இதுவும் தப்பா கத்தும்ங்கறதால அப்ப ரேங்க் கோரிலேஷன் வச்சுக்கோங்க.

வேற வேற கவுண்ட்டை கம்பேர் பண்றப்ப எஸ்டியை எடுக்காதீங்க. 30ஸ்ல எஸ்டி 0.6, 60ஸ்ல 0.9னா 60ஸ் மோசம்னு தோணும், ஆனா முதல்ல உள்ளது சிவி (எஸ்டி, சராசரியில எத்தனை சதவீதம்ங்கறது) 2 சதவீதம், ரெண்டாவது 1.5 சதவீதம், 60ஸ் மிஷின்தான் நல்லா ஓடுது. சிவிக்குன்னு தனி டெஸ்ட்டெல்லாம் இருக்கு, ஆனா நான் போடறது சின்ன வழி, எல்லா நம்பருக்கும் நேச்சுரல் லாக் எடுத்துட்டு அதுமேல மீடியன் லெவீன். லாக் எடுத்த நம்பரோட எஸ்டி ஏறக்குறைய சிவியேதான், இவ்வளவு சின்ன சிவிக்கு வித்தியாசமே தெரியாது.

மத்த பேரெல்லாம் காதுல விழும், ஒரு வார்த்தை சொல்லிட்டு போறேன். ஹார்ட்லி டெஸ்ட் கைக்கணக்கு காலத்துது, பெரிய வேரியன்ஸை சின்னதால வகுக்கறது, இப்ப தேவையில்ல. காக்ரன் டெஸ்ட் பல லேப்ல ஒரே சாம்பிளை குடுத்து எந்த லேப் மட்டும் தனியா ஆடுதுன்னு பாக்க, ஐஎஸ்ஓ 5725லயே இருக்கு, அந்த வேலைக்கு சரி. சீகல் டூக்கி, அன்சாரி பிராட்லி, மூட் மூணும் ரேங்க் டெஸ்ட்டுங்க, நார்மல் வேணாம்னு பெருமையா சொல்வாங்க, ஆனா ரெண்டு குரூப்போட நடுவும் ஒரே இடத்துல இருக்கணும்ங்கறதை சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. நடு தள்ளி இருந்தா அது ஆட்டத்தை அளக்குதா இடத்தை அளக்குதான்னே சொல்ல முடியாது. நான் இதை போட்டு பல வருஷம் ஆச்சு.

அப்புறம் பி வேல்யூவோட நிக்காதீங்க. ஆட்டத்தை அளக்கறது சராசரியை அளக்கறதை விட ரொம்ப பசி எடுத்த வேலை, டேட்டா சாப்பிட்டுக்கிட்டே இருக்கும். அஞ்சு லீ வச்சு ஒரு எஸ்டி கண்டுபிடிச்சா உண்மையான எஸ்டி அதுல 0.6 மடங்குல இருந்து 2.9 மடங்கு வரைக்கும் எங்க வேணா இருக்கலாம், அதுவும் நார்மலா இருந்தாத்தான். 20 லீ எடுத்தா 0.76ல இருந்து 1.46 வரை. ரெண்டு மிஷின்லயும் 20, 20 எடுத்து ஒண்ணோட எஸ்டி இன்னொண்ணை விட 1.4 மடங்குன்னு வந்துச்சுன்னு வைங்க, எஃப் டேபிள் பிரகாரம் உண்மையான மடங்குக்கு 0.88ல இருந்து 2.2 வரைக்கும் 95 சதவீத இடைவெளி வரும், நடுவுல 1 இருக்கறதால பி 0.05ஐ தாண்டிடும். உடனே "ரெண்டும் சமம்"னு எழுதினா தப்பு, ரெண்டு மடங்குக்கு மேல மோசமா இருக்கற வாய்ப்பையும் அந்த இடைவெளி விட்டு வைக்குதே. 20, 20க்கு குறைஞ்சபட்சம் 1.59 மடங்கு கண்ணுல பட்டாத்தான் எஃப் டெஸ்ட்டே ஒத்துக்கும். உண்மைல ஒன்றரை மடங்கு ஆடற மிஷினை அஞ்சுக்கு நாலு தடவையாவது பிடிக்கணும்னா மிஷினுக்கு 50 லீ கிட்ட வேணும், லெவீன்னா அதுக்கு மேலயும் கொஞ்சம். முன்னாடியே இந்த கணக்கை போட்டுட்டு சாம்பிள் எடுக்கறவங்களை நான் விரல் விட்டு எண்ணிடுவேன்.

அதனால தம்பி, உங்க விஷயத்துக்கு நான் செய்யறதுன்னா இப்படித்தான். மூணு மிஷின் நம்பரையும் பக்கத்து பக்கத்துல புள்ளியா வச்சு ஒரு படம். தனியா ஓடற நம்பர் எதாவது இருந்தா அந்த பாபினை தேடிப்பிடிச்சு திரும்ப சுத்தி எடை. அப்புறம் மூணுக்கும் சேத்து மீடியன் லெவீன் ஒரு தடவை, அது வித்தியாசம்னு சொன்னா மூணாவதை முதலோடயும் ரெண்டாவதோடயும் தனித்தனியா, ஜோடி ஜோடியா போடறதால பி வேல்யூவை ஹோம் முறையில சரி பண்ணிட்டு. ரிப்போர்ட்ல டெஸ்ட் பேர் ஒரு வரி போதும், மேல பெரிய எழுத்துல மூணு மிஷின் சிவியும், மூணாவது மத்ததை விட எத்தனை மடங்கு, அந்த மடங்குக்கு இடைவெளி என்னன்னும் போடுங்க, இடைவெளியை பூட்ஸ்ட்ராப்ல (இருக்கற டேட்டால இருந்தே திரும்பத் திரும்ப சாம்பிள் எடுக்கற முறை) எடுத்தா நார்மல் தொல்லை குறையும். மேனேஜர் பி வேல்யூவை பாத்து ஒரு மிஷினையும் நிறுத்த மாட்டார், "மத்த மிஷினை விட 1.8 மடங்கு ஆடுது, குறைஞ்சது 1.2 மடங்கு"ன்னு எழுதினா நிறுத்துவார்.

அந்த 20 லீ நாலு பாபின்ல இருந்து வந்ததா இருந்தா மட்டும் இதெல்லாம் இப்ப வேணாம், நாளைக்கு டாஃப் எடுக்கறப்ப (நிரம்பின பாபினை கழட்டறப்ப) கூடையோட போய் பிரேமோட இந்த கோடியில இருந்து அந்த கோடி வரைக்கும் சம இடைவெளி விட்டு, ரெண்டு பக்கத்துலயும் பத்து பத்து ஸ்பிண்டில்ல எடுங்க, பாபின்ல ஸ்பிண்டில் நம்பரை எழுதிடுங்க. அந்த நம்பர் இல்லன்னா மூணாவது மிஷின்தான் ஆடுதுன்னு கண்டுபிடிச்சாலும் ஃபோர்மேன் எந்த ஸ்பிண்டிலை கழட்டறதுன்னு உங்களைத்தான் கேப்பார்.